சீரியல் கார்ட் பொருத்துவது: கடைக்காரர்களும் லேப்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு, புறக்கோட்டை மொத்தக் கடையின் பில் பிரின்டர், வெள்ளவத்தை லேப்பில் இருக்கும் இரத்தப் பரிசோதனை மெஷின் எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னும் அந்த ஒன்பது பின் சீரியல் சாக்கெட்தான் இருக்கிறது. புதிதாக வாங்கும் கொம்பியூட்டரில்தான் அது இல்லை. அந்தச் சாக்கெட்டைத் தரும் சீரியல் கார்ட்டை வாங்கிப் போடுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறோம். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 ஐ மனதில் வைத்து எழுதியது.

1. புதுக் கொம்பியூட்டர்ல சீரியல் போர்ட்டே இல்லை. கட்டாயம் கார்ட் வாங்கணுமா?

முதலில் மூடியைத் திறந்து மதர்போர்ட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். பின்பக்கம் சாக்கெட் இல்லாத பல போர்டுகளில் ‘கொம்’ அல்லது ‘கொம்1’ என்று எழுதி, இரண்டு வரிசையாக 9 பின்கள் நிற்கும் (பத்தாவது பின்னின் இடம் காலியாக இருக்கும்). அது இருந்தால் ஒரு போர்ட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டை வயரோடு வரும் பிராக்கெட் ஒன்று போதும். பயோஸில் சீரியல் போர்ட் ‘எனேபிள்’ ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல்: இந்தப் பிராக்கெட்டில் இரண்டு விதமான வயரிங் உண்டு, வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மல்டிமீற்றரை கன்டினியூட்டியில் வைத்து, ஒன்பது பின் சாக்கெட்டின் 5ஆம் பின் மறுமுனையில் எந்தத் துளைக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு வகையில் 5க்குப் போகும், மற்றதில் 9க்கு. மதர்போர்ட் கையேட்டில் ‘கிரவுண்ட்’ எந்தப் பின்னில் என்று போட்டிருக்கிறதோ அதோடு பொருந்தும் பிராக்கெட்தான் வேலை செய்யும். பழைய டெல், எச்பி சின்னப் பெட்டிகளில் அவர்களுடைய சொந்தக் கொனெக்டர் இருக்கலாம். அதற்குச் சாதாரண பிராக்கெட் சரிவராது.

2. யுஎஸ்பி கன்வேர்ட்டர் ஒண்டு வாங்கினா முடிஞ்சுதே, எதுக்கு கார்ட்?

ஒரு தராசு, ஒரு கொம்பியூட்டர், தரவு எப்போதாவது வருகிறது என்றால் நல்ல கன்வேர்ட்டரே போதும். கார்ட் தேவைப்படும் இடங்கள் வேறு. நாள் முழுக்க நிற்காமல் ஓடும் மெஷின், ஒரே கொம்பியூட்டரில் மூன்று நான்கு போர்ட், கேள்வி-பதிலாக விரைவாகப் பேசும் கருவி ஆகியவை அப்படிப்பட்டவை. எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வேர்ட்டரில், சிறு துண்டுத் தரவைச் சேர்த்து அனுப்புவதற்காக இயல்பாகவே 16 மில்லிசெக்கன்ட் தாமதம் வைத்திருப்பார்கள். தராசுக்கு அது பெரிய விஷயமல்ல, சில மெஷின்களுக்கு விஷயம்தான். யாராவது கன்வேர்ட்டரைக் கழற்றி வேறு சாக்கெட்டில் குத்தினால் கொம் இலக்கமும் (விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்குக் கொடுக்கும் எண்) மாறிவிடக்கூடும். கார்ட்டில் அந்த வில்லங்கம் இல்லை.

மலிவான கன்வேர்ட்டர்களில் போலி பிஎல்2303 சிப்பும் நிறைய வருகிறது. புதிய டிரைவர் அதைக் கண்டால் வேலை செய்யாமல் நின்றுவிடும். கன்வேர்ட்டரில் கைசுட்டுக்கொண்ட பிறகுதான் பலர் கார்ட் பக்கம் வருகிறார்கள்.

3. கடையில பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸா எண்டு கேக்கிறாங்க. எதைச் சொல்ல?

யூனிட்டி பிளாசாவுக்கோ முதலாம் குறுக்குத் தெருவுக்கோ போவதற்கு முன் உங்கள் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் மூட்டளவு நீளமான சின்ன ஸ்லொட் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. பெரும்பாலும் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு நீளமாக இருப்பது பழைய பிசிஐ. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எக்ஸ்1 கார்ட்டை எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லொட்டிலும் போடலாம், நன்றாகவே ஓடும். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பில்லிங் கொம்பியூட்டரில் அந்த நீள ஸ்லொட் சும்மாதானே கிடக்கிறது.

பெட்டியின் உயரத்தையும் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்டில் வரும் ஒப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர் போன்ற ஒல்லிப் பெட்டிகளுக்கு 8 சென்றிமீற்றர் உயரமுள்ள குட்டைப் பிராக்கெட் வேண்டும். சாதாரணப் பிராக்கெட் 12 சென்றிமீற்றர். கார்ட்டோடு குட்டைப் பிராக்கெட்டும் பையில் வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைக்காது. குட்டைப் பிராக்கெட்டில் ஒரு சாக்கெட்டுக்குத்தான் இடமிருக்கும். இரண்டாவது போர்ட் பட்டை வயரில் பக்கத்து ஸ்லொட் வழியாக வெளியே வரும், ஆகவே இரண்டு ஸ்லொட் இடம் வேண்டும்.

4. எந்தச் சிப் உள்ள கார்ட் நல்லது?

இங்கே மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்382 (இரண்டு போர்ட்), சிஎச்384 (நான்கு போர்ட்) சிப்கள்தான். கடை வேலைக்கு இவை போதும். அசிக்ஸ் ஏஎக்ஸ்99100 உம் நல்லதே. மொஸ்சிப் என்று போட்ட பழைய கார்ட் கையில் இருந்தால் அதன் டிரைவரையும் இப்போது அசிக்ஸ் தளத்தில்தான் தேட வேண்டும். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு மொக்ஸா, சனிக்ஸ் கார்டுகள் விலை கூடினாலும் வாங்கத் தகுந்தவை. பல வருடம் கழித்தும் டிரைவர் கிடைக்கும் என்பதற்காகத்தான் அந்த விலை.

சிப்பின் பெயரோடு பார்க்க வேண்டியது அதன் பஃபர் (வரும் எழுத்துகளைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் நினைவு) அளவு. 16550 வகைக்கு 16 பைட், 16சி950 வகைக்கு 128 பைட். 115200 வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11520 எழுத்து வரும். 16 பைட் பஃபர் ஒன்றரை மில்லிசெக்கன்டுக்குள் நிறைந்துவிடும். 9600 இல் ஓடும் தராசுக்கு இது ஒரு கவலையே இல்லை.

5. கார்ட்டைப் போடும்போது எதைக் கவனிக்கணும்?

விண்டோஸில் சாதாரணமாக ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை, பாதி நினைவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். பிறகு பிளக்கையும் கழற்றி, பவர் பட்டனை ஐந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்ட்டில் சின்ன லைட் எரிந்தால் அது அணையும்வரை கை வைக்காதீர்கள். பெட்டியின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கார்ட்டை எடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படவேண்டாம்.

கார்ட்டை நேராக வைத்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். அதிகமானோர் தவறவிடும் இடம் அடுத்தது. பிராக்கெட் ஸ்குரூவை இறுக்கும்போது, பெட்டி சற்று வளைந்திருந்தால் கார்ட்டின் பின்முனை ஸ்லொட்டிலிருந்து ஒரு மில்லிமீற்றர் மேலே எழும்பிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்குரூ இறுக்கிய பிறகு டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தங்கப் பற்கள் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் ஸ்குரூவைத் தளர்த்தி, கார்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்குங்கள்.

6. போட்டாச்சு. ஆனா டிவைஸ் மனேஜர்ல ஒண்டுமே காட்டுதில்லை.

மஞ்சள் அடையாளம்கூட இல்லையென்றால் டிரைவரைத் தேட வேண்டாம். கார்ட் இருப்பதே கொம்பியூட்டருக்குத் தெரியவில்லை. முதல் சந்தேகம் மேலே சொன்ன ஒரு மில்லிமீற்றர். கழற்றித் திரும்பப் போட்டு, அப்படியும் வராவிட்டால் வேறு ஸ்லொட்டில் போடுங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு எக்ஸ்1 ஸ்லொட் செயலிழக்கும். கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரியை யாரும் படிப்பதில்லை.

காலி வீதிக்குக் கடல்பக்கம் உள்ள கடைகளில் பழைய கார்டுகளின் பற்கள் மங்கி இருப்பது சகஜம். ஐசோபிரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர விட்டுப் போடுங்கள். அழிறப்பரால் தேய்ப்பது பழைய வழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

7. ‘பிசிஐ சீரியல் போர்ட்’ எண்டு மஞ்சளா நிக்குது. கார்ட் டிரைவரை எத்தனை தரம் போட்டாலும் போகுதில்லை.

அது உங்கள் கார்ட்டாக இல்லாமல் இருக்கலாம். அலுவலகங்களுக்காகச் செய்த டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளில் இன்டெல் நிறுவனத்தின் தொலை நிர்வாக வசதி ஒன்று உண்டு. அதற்குள்ளே ஒரு பொய்யான சீரியல் போர்ட் இருக்கும். டிரைவர் இல்லாதபோது அதுவும் ‘பிசிஐ சீரியல் போர்ட்’ என்றே காட்டும். பக்கத்தில் ‘பிசிஐ சிம்பிள் கொம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று இன்னொன்றும் மஞ்சளாக நிற்கும். அதுவும் இன்டெல்லுடையதே.

உறுதிப்படுத்த, அதன் மேல் ரைட் கிளிக் செய்து புரோபர்ட்டீஸில் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கம் போய், ‘ஹாட்வெயார் ஐடீஸ்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ‘வென்’ என்பதற்கு அடுத்து 8086 என்றிருந்தால் இன்டெல். அதற்குரிய டிரைவரை டெல், எச்பி தளத்தில் எடுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள், கார்ட்டுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. டிரைவர் போட்டால் அது பெரும்பாலும் கொம்3 ஐப் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

8. கார்ட்டோட வந்த சீடி தொலைஞ்சிட்டு. டிரைவரை எப்படிக் கண்டுபிடிக்கிற?

முந்தைய பதிலில் சொன்ன அதே ‘வென்’ இலக்கம்தான் வழி. 1சி00 என்றால் டபிள்யூசிஎச். 125பி அசிக்ஸ். 9710 மொஸ்சிப். 1415 ஒக்ஸ்ஃபோர்ட். 13ஏ8 எக்ஸார். 1393 மொக்ஸா. சிப் தயாரித்தவரின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று கூவும் புரோகிராம்களை பில்லிங் கொம்பியூட்டரில் கிட்டவும் சேர்க்க வேண்டாம்.

டிரைவர் போட்ட பிறகு கோட் 52 வந்தால், கையொப்பமிடாத பழைய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்க மறுக்கிறது என்று பொருள். கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவி தொடங்கவில்லை. தவறான டிரைவர் அல்லது சரியாக உட்காராத கார்ட் காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 11 இல் ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியிலுள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பழைய டிரைவர்களைத் தடுக்கும். அதை அணைத்துவிட்டு ஓட்டுவதைவிடப் புதிய டிரைவர் உள்ள வேறு கார்ட் வாங்குவது நல்லது. இன்டர்நெட் வசதியுள்ள பில்லிங் கொம்பியூட்டரில் அந்தப் பாதுகாப்பு சும்மா இருப்பதல்ல.

9. கொம்5 எண்டு வருது. எங்கட சொஃப்ட்வெயர்ல கொம்1, கொம்2 மட்டும்தான் இருக்கு.

டிவைஸ் மனேஜரில் ‘போர்ட்ஸ்’ பகுதியைத் திறந்து, அந்தப் போர்ட்டின் புரோபர்ட்டீஸில் ‘போர்ட் செட்டிங்ஸ்’ போய் ‘அட்வான்ஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள். கீழே கொம் இலக்கப் பட்டியல் இருக்கும். வேண்டியதைத் தெரிவுசெய்து ஓகே கொடுத்து, கொம்பியூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பட்டியலில் கொம்2 க்குப் பக்கத்தில் ‘இன் யூஸ்’ என்றிருந்தால் உடனே கைவிட வேண்டாம். முன்பு எப்போதோ குத்திய கன்வேர்ட்டர், மொடம், புளூடூத் எல்லாம் இலக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே போயிருக்கும். ‘வியூ’ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ போட்டால் அவை மங்கலாகத் தெரியும். மங்கலானவற்றை ‘அன்இன்ஸ்டோல்’ செய்தால் இலக்கம் விடுபடும். மங்கலாக இல்லாத, உண்மையில் இருக்கும் போர்ட் அந்த இலக்கத்தை வைத்திருந்தால் முதலில் அதை வேறு இலக்கத்துக்கு மாற்றுங்கள். கொம்10 உம் அதற்கு மேலும் பல பழைய சொஃப்ட்வெயர்களால் திறக்க முடியாது. எப்போதும் 9 க்குள் வைத்திருப்பது உத்தமம்.

10. தராசு இன்னும் வரேல்லை. அதுக்கு முதல் கார்ட் வேலை செய்யுதா எண்டு பாக்க ஏலுமா?

முடியும், கட்டாயம் செய்யவும் வேண்டும். சாக்கெட்டின் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். 2 வரும் வழி, 3 போகும் வழி. புட்டி அல்லது டெரா டேர்ம் என்ற டேர்மினல் புரோகிராமில் அந்தக் கொம் இலக்கத்தைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை (ஒரு பக்கம் மற்றதைப் ‘பொறு’ என்று நிறுத்தும் முறை) ‘நன்’ ஆக்கி, ‘லோக்கல் எக்கோ’வை அணைத்துவிட்டு எதையாவது தட்டச்சு செய்யுங்கள். அடித்தது திரையில் வந்தால் கார்ட், டிரைவர், கொம் இலக்கம் எல்லாம் சரி. வயரை எடுத்ததும் எழுத்து வருவதும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நீங்கள் பார்த்தது எக்கோவைத்தான்.

பின்களை எண்ணுவதில் கவனம். பின் நீட்டிக்கொண்டிருக்கும் சாக்கெட்டை உங்கள் பக்கம் திருப்பி, ஐந்து பின் வரிசை மேலே இருக்கும்படி பிடித்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 5. இரண்டு போர்ட் கார்டில் மேலே உள்ளதுதான் முதல் போர்ட் என்று நம்பிவிட வேண்டாம். இந்தச் சோதனையில் எது எது என்று கண்டு, மார்க்கரால் பிராக்கெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

11. அந்தச் சோதனை சரி. ஆனா தராசை மாட்டினா ஒண்டுமே வருதில்லை.

அப்படியானால் கார்ட்டை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா என்பதுதான் கேள்வி. நேர் கேபிளில் 2 க்கு 2. குறுக்கில் (நல் மொடம் என்பார்கள்) 2 க்கு 3. கேபிளின் நிறமோ நீளமோ இதைச் சொல்லாது, மல்டிமீற்றர் சொல்லும்.

எது வேண்டும் என்பதையும் மல்டிமீற்றரே சொல்லும். தராசை ஓன் செய்து, கேபிள் இல்லாமல் அதன் சாக்கெட்டில் 5 க்கும் 2 க்கும் இடையே, பிறகு 5 க்கும் 3 க்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். எந்தப் பின்னில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட்வரை நிற்கிறதோ அதுதான் தராசு அனுப்பும் பின். கொம்பியூட்டர் அனுப்புவது 3 இல். தராசும் 3 இலேயே அனுப்பினால் குறுக்குக் கேபிள், 2 இல் அனுப்பினால் நேர் கேபிள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் தராசின் மெனுவில் சீரியல் வெளியீடு அணைந்திருக்கலாம், அல்லது அந்தச் சாக்கெட் சீரியலே இல்லாமல் இருக்கலாம். ‘பிரின்ட்’ பட்டனை அழுத்தினால்தான் அனுப்பும் தராசுகளும் நிறைய உண்டு.

12. ஏதோ வருது, ஆனா இலக்கத்துக்குப் பதிலா குப்பை வருது.

எல்லாமே குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. 1200, 2400, 4800, 9600, 19200 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சில இலக்கங்கள் சரியாகவும் சில விசித்திரமாகவும் வந்தால், எவை சரியாக வருகின்றன என்று எழுதிப் பாருங்கள். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் வேறு குறியாக வந்தால் சந்தேகமே வேண்டாம்: தராசு 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்), நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் திறந்திருக்கிறீர்கள். எட்டாவது பிட்டாகத் தராசு அனுப்பும் பாரிட்டியை உங்கள் புரோகிராம் எழுத்தின் பகுதியாகப் படிக்கிறது. முதலில் சொன்ன ஐந்து இலக்கங்களுக்கும் அந்தப் பிட் 0 ஆக இருப்பதால் தப்பிவிடுகின்றன. ஏ அண்ட் டி தராசுகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து 2400, 7 பிட், ஈவன் என்றே வருகின்றன. அவற்றை 9600, 8 பிட் என்று திறப்பதுதான் வழக்கமான பிழை.

13. டிவைஸ் மனேஜர்ல 2400 போட்டுட்டேன். அப்பவும் சரிவரவில்லையே?

அங்கே போடும் வேகத்தைப் பெரும்பாலான சொஃப்ட்வெயர்கள் பார்ப்பதே இல்லை. போர்ட்டைத் திறக்கும்போது தம்முடைய வேகத்தைத் தாமே போட்டுக்கொள்ளும். பில்லிங் சொஃப்ட்வெயரின் செட்டிங்கில்தான் மாற்ற வேண்டும்.

14. சின்ன பில் நல்லா அடிக்குது. நீள பில்லில நடுவில வரிகள் காணாமல் போகுது.

பிரின்டர் ‘பொறு’ என்று சொல்வது கொம்பியூட்டருக்குக் கேட்கவில்லை. 9600 வேகத்தில் செக்கனுக்கு 960 எழுத்து போகிறது. டொட் மேட்ரிக்ஸ் பில் பிரின்டரோ செக்கனுக்கு நாலைந்து வரி, அதாவது 200 எழுத்தளவுதான் அடிக்கும். மிச்சம் அதன் நினைவில் சேரும், நிறைந்த பிறகு வருவது தொலையும். சின்ன பில் நினைவுக்குள் அடங்கிவிடுவதால் தப்பிவிடுகிறது.

2, 3, 5 என்று மூன்று வயர் மட்டும் போட்ட கேபிளில் இது நடக்கும். எப்சன் வகை 25 பின் சீரியல் பிரின்டரில் ‘பொறு’ என்ற செய்தி 20ஆம் பின்னில் வரும். அதைக் கொம்பியூட்டர் பக்கம் 8, 6 இரண்டுக்கும் கொண்டுபோங்கள். மற்றவை: கொம்பியூட்டரின் 3 பிரின்டரின் 3 க்கு, 2 க்கு 2, 5 க்கு 7, 4 க்கு 6. பிறகு சொஃப்ட்வெயரில் ஃப்ளோ கன்ட்ரோல் ‘ஹாட்வெயார்’. பிரின்டரின் அடியிலுள்ள டிப் சுவிட்சும் டிடிஆர் முறையில் (அந்த 20ஆம் பின் வழியாக ‘பொறு’ சொல்வது) இருக்க வேண்டும். சுவிட்சை மாற்றினால் பிரின்டரை அணைத்துப் போட்ட பிறகுதான் அது எடுபடும்.

15. கொம்பியூட்டரைப் போட்டதும் மவுஸ் தானாவே ஓடுது, கண்ட இடத்தில கிளிக் பண்ணுது. வைரஸா?

தராசுதான். எடையை நிற்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி வைத்த தராசு, விண்டோஸ் தொடங்கும்போது பழைய சீரியல் மவுஸ் போலத் தெரிகிறது. டிவைஸ் மனேஜரில் மவுஸ் பகுதியில் ‘மைக்ரோசொஃப்ட் சீரியல் போல்பொயின்ட்’ என்று ஒன்று இருக்கும். அதை ‘டிசேபிள்’ செய்யுங்கள். ‘அன்இன்ஸ்டோல்’ செய்தால் அடுத்த முறை திரும்ப வந்து நிற்கும். திரையில் மவுஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது கஷ்டம், ஆகவே முதலில் சீரியல் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

16. கார்ட்ல 5 வோல்ட், 12 வோல்ட் எண்டு ஜம்பர் இருக்கு. எதில வைக்கணும்?

எதிலும் வேண்டாம், ‘ஆர்ஐ’ என்ற இடத்தில் வையுங்கள். அந்த ஜம்பர் 9ஆம் பின்னில் மின்சாரம் கொடுப்பதற்கானது. வாடிக்கையாளருக்கு விலை காட்டும் டிஸ்பிளே, சில பார்கோட் ஸ்கேனர்கள் அப்படிக் கேபிளிலிருந்தே மின்சாரம் எடுக்கும். அந்தக் கருவியின் கையேட்டில் இத்தனை வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும், அந்தப் போர்ட்டுக்கு மட்டும் மாற்றுங்கள். பிறகு அந்தச் சாக்கெட்டில் வேறு எதையும் குத்தாமலிருக்க ஒரு லேபல் ஒட்டுங்கள். 12 வோல்ட் ஜம்பர் வைத்தும் மின்சாரம் வராவிட்டால், பவர் சப்ளையிலிருந்து கார்ட்டுக்குத் தனியாக மாட்டவேண்டிய கொனெக்டரை மாட்டியிருக்க மாட்டீர்கள்.

17. நேற்றுவரை வேலை செய்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், போர்ட் செத்துப்போச்சு.

எர்த் இல்லாத இணைப்புதான் முதல் சந்தேகநபர். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் குத்தி மல்டி பிளக்கில் போட்டிருந்தால், கொம்பியூட்டர் பெட்டி எர்த் இல்லாமல் மிதக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் காரணமாக 230 வோல்ட்டின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், பெட்டியில் நிற்கும். தொட்டால் கையில் சுருசுருவென்று இருப்பது அதுதான். ஆளைக் கொல்லும் அளவுக்கு அதில் மின்னோட்டம் இல்லை, ஆனால் கேபிள் குத்தும் கணத்தில் கிரவுண்டுக்கு முன் சிக்னல் பின் தொட்டால் கார்ட்டில் சிக்னலை அனுப்பி வாங்கும் சிப் போய்விடும். 10ஆவது பதிலின் சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும்.

எர்த் உள்ள சாக்கெட்டில் இரண்டு கருவிகளையும் போடுங்கள், இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் மாலை இடி மின்னல் காலத்தில், கட்டடத்துக்கு வெளியே போய்வரும் நீளக் கேபிள் இருந்தால் கடை மூடும்போது கழற்றிவைப்பதுதான் மலிவான காப்பு. அது முடியாத இடங்களில் ஒப்டோ ஐசொலேட்டர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் கருவி) ஒன்றை இடையில் போடுங்கள்.

18. பழைய டொஸ் பில்லிங் புரோகிராம் கார்ட் போர்ட்டைப் பாக்குதில்லை. இலக்கத்தை கொம்1 ஆக்கியும் சரிவரேல்லை.

அந்தப் புரோகிராம் கொம்1 என்ற பெயரைப் பார்ப்பதில்லை, 3எஃப்8 என்ற முகவரியில் நேரடியாகப் போய்த் தட்டுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட் அந்த முகவரியில் இல்லை, கொம்பியூட்டர் தொடங்கும்போது கொடுக்கும் வேறு முகவரியில் இருக்கிறது. விண்டோஸில் இலக்கம் மாற்றுவது பெயர்ப்பலகை மாற்றுவது மட்டும்தான். அதோடு 64 பிட் விண்டோஸில் டொஸ் புரோகிராம் நேரடியாக ஓடவும் ஓடாது.

வழி டொஸ்பொக்ஸ், விண்டோஸுக்குள் டொஸ் புரோகிராம்களை ஓட்டும் புரோகிராம். அதன் கொன்ஃபிக் ஃபைலில் ‘சீரியல்1’ என்ற வரியில் ‘டைரக்ட்சீரியல் ரியல்போர்ட்:கொம்3’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினால், புரோகிராம் கொம்1 என்று நினைத்து அனுப்புவது கார்ட்டின் கொம்3 க்குப் போகும். 1ஆவது பதிலில் சொன்ன மதர்போர்ட் போர்ட் இருந்து, அசல் டொஸ்ஸிலேயே ஓட்டுவதாக இருந்தால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அது உண்மையிலேயே 3எஃப்8 இல்தான் இருக்கும்.

19. தராசு கீழ் மாடி ஸ்டோரில, கொம்பியூட்டர் மேல் மாடியில. கேபிளை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

சாதாரண ஆர்எஸ்-232 க்கு (இந்த ஒன்பது பின் சாக்கெட்டின் வழமையான முறை) 15 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான வேகத்தில் நல்ல கேபிளோடு அதைத் தாண்டியும் ஓடும், ஏனெனில் உண்மையான எல்லை நீளமல்ல, கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (2500 பிக்கோஃபரட்). அதற்கு மேல் ஆர்எஸ்-485 க்குப் போங்கள். முறுக்கிய இரட்டை வயரில், குறைந்த வேகத்தில் 1200 மீற்றர்வரை போகும்.

485 க்கு மாறும்போது கார்ட்டின் ஜம்பரும் டிரைவர் செட்டிங்கும் இரண்டும் மாற வேண்டும். வயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவிலுள்ள கருவிகளில் வேண்டாம். ஏ, பி என்ற பெயர்களை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பக்கம் வைத்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் எரியாது.

20. ‘எக்சஸ் டினைட்’ எண்டு வருது. நான்தான் அட்மின்!

ஒரு கொம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்கலாம். சோதனைக்குத் திறந்த புட்டி இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மூடிவிட்டுப் பாருங்கள்.

21. உபுண்டுவில என்ன செய்யணும்?

பெரும்பாலும் டிரைவர் தேவையில்லை, கேர்னலிலேயே இருக்கிறது. முதல் நான்கு பெயர்கள் மதர்போர்ட் போர்ட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் கார்ட் பொதுவாக டிடிவைஎஸ்4 இலிருந்து தொடங்கும். ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, லொக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். டெபியனில் நான்கு போர்ட் கார்ட்டின் சில போர்ட்டுகள் காணாமல் போனால் காரணம், அங்கே இயல்பாக மொத்தம் நான்குக்கு மேல் அனுமதி இல்லை. கிரப் செட்டிங்கில் ‘8250.என்ஆர்_யுஆர்ட்ஸ்=16’ என்ற பராமீற்றரை ஆங்கில எழுத்தில் சேர்த்து மீளத் தொடங்குங்கள்.

22. கார்ட்ல இன்னொரு போர்ட் மிச்சம் இருக்கு. ஏபிசி யூபிஎஸ்ஸை அதில போடலாமா?

போடலாம், ஆனால் கையிலிருக்கும் சாதாரண நேர் கேபிளால் மட்டும் வேண்டாம். பழைய ஸ்மார்ட்-யூபிஎஸ்களின் ஒன்பது பின் சாக்கெட் பார்வைக்குத்தான் சீரியல் போலிருக்கும், பின்களின் ஒழுங்கு அவர்களுடையது. சாதாரண கேபிளைக் குத்தியதும் யூபிஎஸ் அதை ‘அணை’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு அந்த நொடியே எல்லாவற்றையும் அணைத்துவிடக்கூடும். 940-0024சி என்ற இலக்கமிட்ட கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அதையும் கடை மூடிய பிறகு, பில்லிங் ஓடாத நேரத்தில் முதல்முறை மாட்டிப் பாருங்கள்.